எப்பாங்குக்குக் குளிர் ஆகாது

பெர்பெத்துவா பேசி நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். மீதியை அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். சந்தையில் மீன் பேரம் பேசுவதைக்கூடக் கோவிலில் பாதிரியார் காதில் பாவம் சொல்லுகிற மாதிரி குசுகுசுவென்றுதான் பேசுவாள். மீன்காரி, "என்னடி? என்ன சொன்ன?" என்று தட்டின்மேல் குனிவாள். மறுபடி குனிவாள். கடைசியில் இடுப்பு வலி தாங்காமல், "சரி, நீ கேட்ட விலைக்கே எடுத்துட்டுப் போ" என்று கொடுத்துவிடுவாள். பெர்பெத்துவா என்ன விலை கேட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அது சாமர்த்தியம் இல்லை, தொழில் பழக்கம். மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. ஜன்னல் இல்லாத இருட்டறை, நடுவில் ஆள் நீள மேசை, அதன்மேல் நுண்ணோக்கிப் பெட்டி. பலமாக நடந்தால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் படம் கலங்கும். அதனால் அங்கே எல்லோரும் நுனிக்காலில் நடந்து மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் பேசுவார்கள். மற்றவர்கள் வெளியே வந்ததும் மனுஷராகிவிடுவார்கள். பெர்பெத்துவா அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுவாள். வாசலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போவாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அவள் புருஷன் இங்கோ இருட்டில் கத்துவான்:

"அடியே பெத்தாங்! மீன் முள்ளு எது சோறு எதுன்னு தெரியலடி!"

இங்கோ ட்ரைசைக்கிள், அதாவது பக்கப்பெட்டி கோத்த மோட்டார் சைக்கிள், வாடகைக்கு ஓட்டுகிறவன். வண்டியில் பயணி உட்காருகிற இடத்தைவிடப் பாட்டுப்பெட்டி பெரிது. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்த ஆண்டவருக்கு நகைச்சுவை உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன். தப்பாக இருந்தால் மன்னிப்பாராக.

பெர்பெத்துவா என்றால் என்றென்றைக்கும் என்று அர்த்தமாம். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் வைத்த பெயர். ஆனால் அவளுடைய வேலை என்றென்றைக்கும் இல்லை, ஆறு ஆறு மாதத்துக்குத்தான். ஜூன் கடைசியில் முடியும், பிறகு நீட்டுவார்கள். டிசம்பர் கடைசியில் மறுபடி முடியும். ஊரெல்லாம் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு மாட்டிவிடும். அவள் மட்டும், "அடுத்த வருஷம் வேலை இருக்கான்னு தெரியட்டும், அப்புறம் மாட்டறேன்" என்பாள். தெரிய வரும்போது ஜனவரி ஆகியிருக்கும். வருஷம் தவறாமல் எல்லோரும் விளக்கைக் கழற்றுகிற வாரத்தில் அவள் மாட்டுவாள்.

அவள் படித்தது தையல். அந்த இருட்டறைக்குக் கறுப்புத் திரை தைக்கத்தான் முதலில் போனாள். விளக்கைப் போடக்கூடாது என்று சொன்னதால் இருட்டிலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாளாம். நிலையத்துத் தலைவி டாக்டோரா வில்லாலுஸ் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "திரையை முடிச்சிட்டுப் போயிடாதே" என்றார். அப்படியே வேலைக்கு நின்றுவிட்டாள்.

நான் நிலையத்து வாசலில் லுகாவ் கஞ்சி விற்கிறேன். இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி, மேலே வறுத்த பூண்டும் முட்டையும். யாராவது செத்தால் ஒன்பது நாள் ஜெபத்தை முன்னின்று சொல்லுகிறவளும் நான்தான். "ஆத்தே சாலிங், உங்க வாய்க்கு ரெண்டே வேலை, கஞ்சி ருசி பாக்கறது, கல்லறைக்கு ஜெபிக்கறது" என்று இங்கோ கேலி செய்வான். ஆத்தே என்றால் எங்கள் பேச்சில் அக்கா.

ஒருநாள் காலையில் நான் பெர்பெத்துவாவிடம் கேட்டேன், "அந்த இருட்டுக்குள்ள என்னதான்டி பண்றே?"

அவள் என் கஞ்சிப் பானையைக் காட்டினாள். "இதே வேலைதான் ஆத்தே. உயிரோட இருக்கற செல்லு. கண்ணுக்குத் தெரியாத சின்னது. அதோட தோல் பூரா பச்சையா மினுங்கற சரக்கு ஏத்தியிருப்பாங்க. அதுல ஒரு பொட்டு அளவுக்கு லேசரை அடிச்சா அந்த இடம் மட்டும் வெளுத்துப்போய், திரையில கறுப்பா ஓட்டை மாதிரி தெரியும். அப்புறம் கையைக் கட்டிட்டு உக்காந்து பாக்கணும்."

"என்னத்தப் பாக்கறது?"

அவள் கரண்டியால் கஞ்சியில் ஒரு குழி எடுத்தாள். சுற்றியிருந்த கஞ்சி சரிந்து வந்து குழியை மூடிக்கொண்டது. "இதைத்தான். பக்கத்துல இருக்கற பச்சை நகர்ந்து வந்து ஓட்டையை நிரப்பும். சீக்கிரம் நிரம்பினா உள்ள எல்லாம் நல்லா நடமாடுதுன்னு அர்த்தம். நிரம்பாம நின்னா எங்கயோ மாட்டிக்கிச்சு."

"வெளுத்தது மறுபடி பச்சையாகுமா?"

"ஆகாது ஆத்தே. வெளுத்தது வெளுத்ததுதான். அது ஒதுங்கிப் போகும், வேற ஆளு வந்து அந்த இடத்துல நிக்கும். பூசையில முன்வரிசையில ஒருத்தர் எழுந்துபோனா பின்னாடி இருக்கறவங்க நகர்ந்து உக்காருவாங்களே, அப்படி."

அதுதான் அவள் பிழைப்பு. ஓட்டை போடுவது, மூடுகிறதா என்று பார்ப்பது. இதற்கு மணிலாவிலிருந்தெல்லாம் ஆள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

அந்த உயிரணுக்கள் வளருகிற தட்டுகளுக்கு டாக்டோரா ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்து போட்டிருந்தார். எழுத்து போட்ட உயிர் தங்காது, பெயர் வைத்தால்தான் தங்கும் என்பது பெர்பெத்துவாவின் நம்பிக்கை. மின்டோரோ தீவில் இங்கோவுக்கு ஐந்து அத்தைமார், அதாவது ஐந்து தியாக்கள். ஏ என்றால் அவுரிங், பி என்றால் பிரிங், சி என்றால் சிசாங், டி என்றால் டிடாய், ஈ என்றால் எப்பாங். அளவெடுத்துத் தைத்த மாதிரி எழுத்தும் பேரும் பொருந்திவிட்டன. டாக்டோராவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, "இன்னிக்கு டிடாய் எப்படி இருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் புருஷன் கோபித்துக்கொள்வான் என்று பெர்பெத்துவா இதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

போன நவம்பரில் ஒரு சேதி வந்தது. அந்த நுண்ணோக்கியை மணிலாவுக்கே கொண்டுபோய்விடலாமா என்று மேலிடத்தில் பேச்சு. திங்கட்கிழமை மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். இங்கே ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவர்கள் கண்ணால் கண்டால் பெட்டி இங்கேயே இருக்கும், பெர்பெத்துவாவுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் பெட்டி லாரி ஏறும், டிசம்பரோடு இவள் வீட்டுக்கு.

வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? நிலையத்தில் புது ஏர்கான் வாங்கி மாட்டினார்கள். பழையது மாட்டு வண்டி மாதிரி முனகிக்கொண்டு சூட்டைத்தான் துப்பும். புதியது அப்படி இல்லை. எங்கள் பக்கம் பெரிய மனிதர் வந்தால் அறையைக் குளிர வைப்பதுதான் உபசாரம், எவ்வளவு நடுங்குகிறார்களோ அவ்வளவு மரியாதை. முழு வேகத்தில் வைத்துவிட்டார்கள். டாக்டோரா ஜாக்கெட் போட்டுக்கொண்டார். பெர்பெத்துவா இங்கோவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அதற்குள் காணாமல் போனாள். பாரிஸுக்கே போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் பெருமை.

அந்த வாரத்திலிருந்துதான் ஓட்டை மூடாமல் போனது.

ஒவ்வொரு தட்டாக எடுத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். லேசரை அடித்தால் கறுப்புப் பொட்டு விழும், விழுந்தது அப்படியே நிற்கும். தட்டைச் சூடாக வைக்கிற பலகையில் எண் சரியாகத்தான் காட்டியது, அதனால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. அவுரிங் போனாள், பிரிங் போனாள், சிசாங்கும் டிடாயும் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனார்கள். மிஞ்சியது எப்பாங் ஒருத்திதான்.

வியாழக்கிழமை மத்தியானம் இங்கோ என் கடையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வறுத்த வாழைப்பழம் விற்கிற பாசியோங் நின்றிருந்தாள். இங்கோவின் போன் அடித்தது. அதில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் கெட்டுப்போய்விட்டது. அவனுக்கு வருகிற எல்லாப் பேச்சும் ஊருக்கே கேட்கும், பெர்பெத்துவாவின் பேச்சைத் தவிர.

"சத்தமா சொல்லுடி!"

போன் கரகரத்தது. "...வர நேரமாகும் இங்கோ. எப்பாங் பத்தாய்..."

எங்கள் பேச்சில் விளக்கு அணைந்தாலும் பத்தாய், ஆள் செத்தாலும் பத்தாய். ஒரே வார்த்தை. அன்றைக்கு விளக்கை யார் நினைத்தார்கள்? மறைத்து வைத்திருந்த தட்டின் பெயர் பதற்றத்தில் அவள் வாயில் வந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கோவின் கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. "யாரு? தியா எப்பாங்கா?"

"...ஆமா, எப்பாங்தான். நடுவயித்துல. எவ்வளவோ நேரமா பாத்துட்டே இருக்கோம், திரும்பி வரவே இல்ல. டாக்டோராவே கையை விரிச்சிட்டாங்க..."

அதோடு லைன் அறுந்தது. இங்கோ பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னைத் தூக்கி வளர்த்தவ ஆத்தே" என்று அழுதான். "வயித்துவலின்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

"டாக்டரே கைவிட்டாச்சுன்னா பெரிய வியாதிதான்" என்றாள் பாசியோங். சொல்லிக்கொண்டே தன் போனில் மெழுகுவர்த்திப் படத்தோடு சேதியைப் போட்டுவிட்டாள். அவள் கைக்கு ஜெட் விமானம் தோற்றுப்போகும்.

மின்டோரோவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் புயல் எச்சரிக்கை, கப்பல் ஓடவில்லை. போன் போட்டால் ஓயாமல் லைன் பிஸி. செத்த வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். எப்பாங் செத்தாளா என்று கேட்டுத் தீவு முழுக்க எப்பாங்குக்கே போன் போட்டுக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

போக முடியாவிட்டால் இங்கேயே ஜெபம் சொல்ல வேண்டியதுதான். இங்கோவின் வீட்டில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தோம். தியாவின் படம் என்று கிடைத்தது அவர்கள் கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் தியா எப்பாங் ஒரு பன்றித் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொடையை வெட்டினால் வாயும் போய்விடும். அப்படியே சட்டம் போட்டு வைத்து முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தெருவே திரண்டது. காப்பி, பிஸ்கட், வறுத்த வேர்க்கடலை, மூலையில் சீட்டுக் கச்சேரி. குறைவில்லாத சாவு.

பொழுது சாய்ந்து பெர்பெத்துவா வந்தாள். வழக்கம்போல வாசல் விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள், அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"தியா எப்பாங்கா?" என்றாள். உதடுதான் அசைந்தது.

"ஆமாண்டி" என்று இங்கோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அவனுக்கு அவள் சொல்லித் தெரியும், அவளுக்கு அவன் சொல்லித் தெரியும். மின்டோரோவிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கட்டிப்பிடித்து அழுகிற இரண்டு பேரிடம், "யார் சொன்னது?" என்று யார் கேட்பார்கள்?

ஜெபம் முடிந்ததும் அவள் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனாள். என் காதில் என்னவோ நிறையச் சொன்னாள். வெளியே சீட்டாடுகிறவர்களின் கூச்சல். என் காதில் விழுந்தது, "நான்தான் பேரு வெச்சேன்... நடுவுல அடிச்சேன்... என்னாலதான் ஆத்தே..." இவ்வளவுதான்.

துக்கத்தில் எல்லோரும் என்னால்தான், என்னால்தான் என்றுதான் சொல்வார்கள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "ஆண்டவர் கூப்பிட்டாரு, போயிட்டா. இதுல உன் கை எங்க இருக்கு?" என்றேன். அவள் தன் கையையே வெறித்துப் பார்த்தாள். அந்தக் கையால் தட்டில் இருந்த எப்பாங்கின் நடுவில் லேசரை அடித்தாள், தீவில் இருந்த எப்பாங் வயிறு போய்ச் செத்தாள் என்று அவள் நம்பிவிட்டாள். திங்கட்கிழமை மிச்சம் இருக்கிற ஒரே தட்டில், மணிலாக்காரர்கள் முன்னால், அதே கையால் மறுபடி அடிக்க வேண்டும். எந்தத் தைரியத்தில் அடிப்பாள்?

வெள்ளி, சனி, ஞாயிறும் ஜெபம் சொன்னோம். இறந்தவள்மேல் நித்திய வெளிச்சம் வீசட்டும் என்று கேட்கிற வரி வரும்போதெல்லாம் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், பெர்பெத்துவா மட்டும் அழுத்தமாகச் சொன்னாள். அவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன்.

திங்கள் காலையில் மணிலாக்காரர்களுக்குக் கொடுப்பதற்காகப் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு குண்டு அம்மாள் இறங்கி வந்தாள். தோளில் ஒரு மூட்டை கலமன்சி எலுமிச்சை.

"இங்க எப்பாங் செத்த வீடு எது?"

"அந்தக் கடைசி..." என்று சொல்லி நிமிர்ந்தேன். நாலு நாளாக நான் மெழுகுவர்த்தி ஏற்றிய முகம். பன்றித் தொடை மட்டும்தான் இல்லை. நான் சிலுவை போட்டேன். போதாது என்று இன்னொரு முறை போட்டேன்.

"சிலுவை போட்டது போதும்" என்றாள் தியா எப்பாங். "புயல் அடங்கினதும் ஏறி ராத்திரி முழுக்கக் கப்பல்ல வந்திருக்கேன். செத்தவளுக்கும் பசிக்கும். ஒரு கிண்ணம் ஊத்து."

அந்த நேரம் பார்த்துப் பானையை ஏற்றிப்போக இங்கோ வந்தான். வண்டியில் பாட்டு அலறியது. அத்தையைப் பார்த்தான். வண்டி நேராகப் போய்க் கொய்யா மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"இறங்குடா! நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான்?"

"பெத்தாங்..." என்றான் இங்கோ, மரத்துக்குப் பின்னாலிருந்து.

"எங்க அவ?"

அவன் நிலையத்தைக் கை காட்டினான். தியா எப்பாங் வண்டியில் ஏறி என் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீ வராதே என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

அங்கே இருட்டறையை ஒட்டி ஒரு முன்னறை, நடுவில் கண்ணாடி. முன்னறையில் ஜாக்கெட் போட்ட மூன்று மணிலாக்காரர்கள். நடுவில் இருந்த பெரியவர் காதுவரை மஃப்ளர் சுற்றியிருந்தார். சுவரில் பெரிய திரை, அதில் பச்சையாக ஓர் உருவம், பொரித்த முட்டை மாதிரி. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போனோம். குளிர் எலும்புக்குள் போனது.

கண்ணாடிக்குப் பின்னால் மழைக்கோட்டுக்குள் பெர்பெத்துவா. பொத்தான்மேல் விரல், ஆனால் அழுத்தவில்லை.

"பெத்தாங், ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டோரா.

அவள் ஒலிபெருக்கியில் கெஞ்சினாள். "வேற தட்டு இல்லையா டாக்டோரா?"

"இருக்கறது எப்பாங் மட்டும்தான்மா. எப்பாங்கை அடி."

"யாருடி அவ, என்னை அடிக்கறது?" என்றாள் தியா எப்பாங்.

பெர்பெத்துவா தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு வெளியே செத்த அத்தை நின்றாள். பெர்பெத்துவாவுக்குக் கத்தத் தெரியாது, அதனால் விரல்தான் துள்ளியது. பொத்தான் அழுந்தியது. திரையில் பச்சைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது.

"ஆ, ஆரம்பிச்சாச்சு" என்று மஃப்ளர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பொட்டு அப்படியே இருந்தது. நான் கிண்ணங்களில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன், கைகளுக்கு வேலை வேண்டுமே. பொட்டு அப்படியே இருந்தது. மஃப்ளர்க்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டாக்டோராவின் முகம் சுருங்கியது. இங்கோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஜெபமாலையை உருட்டினான். நாலு நாளாகச் செத்தவளுக்காக உருட்டியது, இப்போது பெண்டாட்டியின் வேலைக்காக.

பெர்பெத்துவா இருட்டறையிலிருந்து வெளியே வந்தாள். மணிலாக்காரர்களைக் கண்டுகொள்ளவில்லை. நேராக அத்தையிடம் போனாள். பெரியவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா, அப்படி ஒற்றினாள். ஒற்றிய கையை விடாமல் தடவித் தடவிப் பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"பின்ன? உன் கையுந்தான் இருக்கே, ஐஸ் கட்டி மாதிரி. இந்த வீட்டுல பொணத்தையா வெச்சிருக்கீங்க, இப்படிக் குளிருது?" என்ற தியா எப்பாங் என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான் கஞ்சி காய்ச்சியிருக்கியே. கரண்டியை நட்டா நிக்குது! இப்ப எடுத்த குழி, அப்படியே இருக்கு பாரு."

பெர்பெத்துவா கிண்ணத்தைப் பார்த்தாள். கரண்டி எடுத்த இடத்தில் ஒரு குழி, மூடாமல் நின்றது. அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே குளுகுளுவென்று ஊதிக்கொண்டிருந்த புது ஏர்கானைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவள் கத்தினாள். அவளுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது கட்டின புருஷனுக்கே தெரியாது.

"பத்தாய்! பத்தாய் பண்ணுங்க!"

"மறுபடியுமா!" என்று தியா எப்பாங் கஞ்சிக் கிண்ணத்தோடு பின்வாங்கினாள். "ஒருதடவை கொன்னது போதாதாடி?"

"உங்களை இல்ல தியா! ஏர்கானை!"

யாரும் அசையவில்லை. விருந்தாளிகளுக்காக வாங்கியது, விருந்தாளிகள் முன்னால் எப்படி அணைப்பது? டாக்டோராவே தயங்கினார். பெர்பெத்துவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மழைக்கோட்டோடு மேலே ஏறி, செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். கதவை அகலத் திறந்துவிட்டாள். வெளியே இருந்த எங்கள் ஊர் வெயில் பழகின நாய் மாதிரி உள்ளே வந்தது.

டாக்டோரா இருட்டறைக்குள் ஓடி, தட்டுக்கு அடியில் இருந்த வில்லையின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ, சில்லுன்னு இருக்கே! பலகையில சூடு சரியாத்தான் காட்டுது, ஆனா அந்தக் குளிர் இங்க வரைக்கும் வந்து இதுமேல இறங்கி, இது தட்டோட சூட்டையெல்லாம் உறிஞ்சிருக்கு. உயிரணுவோட தோல்னா அது கொழுப்புதானே? குளிர்ல இறுகிப்போச்சு. எனக்குத் தோணாம போச்சே."

"எனக்கும்தான் டாக்டோரா" என்றாள் பெர்பெத்துவா. "வாரம் பூரா மழைக்கோட்டு போட்டுட்டு உக்காந்திருந்தேன். எப்பாங்குக்கும் குளிரும்னு நினைக்கல."

"எனக்குக் குளிருதுன்னு வந்ததுலேருந்து சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் தியா எப்பாங்.

தட்டு சூடாகிற வரைக்கும் காத்திருந்தோம். நான் பானையை வாசல் கடையிலேயே மறுபடி கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். மணிலாக்காரர்கள் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். மஃப்ளரும் போனது. பெரியவர் தியாவின் மூட்டையிலிருந்து ஒரு கலமன்சியை எடுத்துக் கஞ்சியில் பிழிந்துகொண்டு, "இதுக்குத்தான் வந்த மாதிரி இருக்கு" என்றார். அவருக்குத் தியா எப்பாங்கை நிலையத்துப் பெரிய அதிகாரி என்று நினைப்பு. கடைசிவரைக்கும் அவளிடம் பயபக்தியோடுதான் பேசினார்.

பெர்பெத்துவா மறுபடி உள்ளே போனாள். இந்த முறை பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கண்ணாடி வழியாக அத்தையைப் பார்த்தாள், அனுமதி கேட்கிற மாதிரி. என்ன ஏது என்று தெரியாமலே தியா எப்பாங் ராணி மாதிரி தலையை ஆட்டினாள்.

பச்சைக்கு நடுவில் கறுப்புப் பொட்டு விழுந்தது.

இங்கோவின் உருளும் மணிகூட நின்றுவிட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பொட்டின் ஓரம் லேசாக மங்கியது. விடியற்காலையில் மலை தெரிய வருமே, எப்போது தெரிந்தது என்று சொல்ல முடியாமல், அப்படிச் சுற்றியிருந்த பச்சை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. ஓட்டை சுருங்கியது, வெளிறியது, காணாமல் போனது.

"அது யாரு, உள்ள நடந்து போறது?" என்றாள் தியா எப்பாங்.

ஒலிபெருக்கியில் குசுகுசுவென்று பதில் வந்தது. "நீங்கதான் தியா."

"நானா! இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு பாரு!"

மணிலாக்காரர்கள் மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடி மூடியது. இன்னொரு இடத்தில் அடிக்கச் சொன்னார்கள். அங்கேயும் மூடியது. ஒவ்வொரு தடவையும் தியா எப்பாங் கை தட்டினாள், அவளைப் பார்த்துப் பெரியவரும் தட்டினார். போகும்போது அவர் டாக்டோராவிடம், "பெட்டியை நாங்க கொண்டுபோனா இந்தச் சூடு எங்களுக்கு எங்க கிடைக்கும்? எங்க கட்டடத்துல ஏர்கானை அணைக்கவே முடியாது" என்றார்.

அன்று மாலை வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் நான் விழித்தேன். ஒன்பது நாள் ஜெபத்தில் பாதிதான் ஆகியிருந்தது. செத்தவள் சட்டம் போட்ட தன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "இந்தத் தொடை எவ்வளவு ருசியா இருந்துச்சு தெரியுமா" என்று பாசியோங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிச்ச நாளுக்கும் கடலை, காப்பியெல்லாம் வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு தியா" என்றேன்.

"அப்ப நிறுத்தாதே. இருந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

நான் இறந்தோர் ஜெபத்தை விட்டுவிட்டு நன்றி ஜெபமாக மாற்றிக்கொண்டேன். மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது, உயிரோடு இருக்கிறவளுக்கு நித்திய வெளிச்சம் கேட்டோமே என்று. பாதிரியாரிடம் போய், தட்டில் இருக்கிற எப்பாங் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்த எப்பாங்னு நீங்க ஆண்டவர்கிட்ட விவரமா சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அவரு சரியான எப்பாங்குக்குத்தான் கொடுத்திருக்காரு, விடுங்க" என்றார். எனக்கு நிம்மதி.

நிரந்தர உத்தரவு தவக்காலத்தில் வந்தது. நான் கடையில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். நிலையத்து வாசலிலிருந்து பெர்பெத்துவா ஓடி வந்தாள், நுனிக்காலில் இல்லை, முழுப் பாதத்தில், தடதடவென்று.

"நிரந்தரம்!" என்று கத்தினாள். "ஆத்தே! நிரந்தரம்!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இங்கோ பாட்டை நிறுத்தினான், அதுவே ஓர் அதிசயம். தவக்காலம் என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கே நட்சத்திர விளக்கை எடுத்து மாட்டினாள். இன்னும் கழற்றவில்லை, இனிமேல் கழற்ற மாட்டாளாம்.

புது ஏர்கான் இப்போதும் அங்கே இருக்கிறது. அதன்மேல் அவள் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறாள்: எப்பாங்குக்குக் குளிர் ஆகாது. புதிதாக வருகிறவர்கள் எப்பாங் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு அதைத் தொடுவதே இல்லையாம்.

நஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அன்றைய கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டுவிட்டது. போன வாரம் பெர்பெத்துவா மீன் தட்டுக்கு முன்னால் நின்று வழக்கம்போல உதட்டை அசைத்தாள். மீன்காரி குனியவில்லை.

"போதும்டி நடிப்பு" என்றாள். "உனக்குக் குரல் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு காசு குறைக்க மாட்டேன்."